கைப்பேசியும் கரும்பலகையும்

2018ஆம் ஆண்டு வெளிவந்த தமிழகப் புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு அச்சாகி வந்ததைக் கண்டிருப்பீர்கள். கைப்பேசியை அதன்மீது காட்டினால் பாடம் காணொளியாக விரியும். ஆனால் டோல்கேட் வட்டாரத்தில், துறைமுகத்திற்கோ ஆலைக்கோ புறப்படும் தந்தையோடு வீட்டின் ஒரே கைப்பேசியும் சென்றுவிட்டால், பிள்ளைக்கு அக்குறியீடு வெறும் கறுப்புக் கட்டமே!

2022 ஜூனில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதிற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்கை அறியவும் வேண்டுமென 2025ஆம் ஆண்டை இலக்காக வைத்தது. அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்துக் கற்பிக்கச் சொன்னது. மதிப்பீடுகளை ஆசிரியர்கள் செயலியில் பதிய வேண்டியிருந்தது. பதிவதிலேயே பாடநேரம் கரைகிறது என்பது அவர்களுள் பலரின் மனக்குறை. அதில் நியாயம் உண்டு. குழந்தை எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் செயலி சொல்லும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பதை அருகிலிருக்கும் ஆசிரியரே அறிவார்.

எனவே பெற்றோர்களே! பள்ளிக்குச் சென்றால் மதிப்பெண்ணை மட்டும் கேளாதீர்கள். "என் பிள்ளை எங்கே தடுமாறுகிறது?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மாலையில் தந்தை வீடு திரும்பியதும், கால்மணி நேரமேனும் அந்தக் கைப்பேசியைப் பாடத்திற்கு ஒதுக்குங்கள். நீங்களும் உடன் அமருங்கள்.