வெட்டிய ஸ்பிரிங்கும் வெட்டத் துடிக்கும் சட்டமும்

அக்கரைப்பற்றில் ஒரு மரண வீட்டுக்குச் சென்றுவிட்டுக் கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, வீதிச் சோதனையில் நின்ற அதிகாரியொருவர் எனது காரை மறித்தார். அது 1970களில் தயாரிக்கப்பட்ட மிட்சுபிஷி லான்சர். காரை ஒருமுறை சுற்றிவந்தவர், அலோய் சக்கரங்களைச் சுட்டிக்காட்டி, "இவை கம்பனி போட்டவையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கழற்றிவிடுங்கள்" என்றார். பிரேக் பிடிக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. டயரின் தேய்மானத்தைப் பார்க்கவில்லை. விளக்கை எரியவிட்டும் பார்க்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த வேளையிலேயே, தேய்ந்து வழுக்கையான டயர்களோடு ஒரு லொறி கரும்புகை கக்கியவாறு எம்மைக் கடந்து போயிற்று. அவர் தலை நிமிரவில்லை.

வீடு வந்து சேர்ந்தால் வாசலில் ராத்தாவின் மகன் நிற்கிறான். அவனிடமும் ஒரு பழைய ஜப்பான் கார் உண்டு, டொயோட்டா ஸ்டார்லட். அதன் உயரம் குறைந்திருப்பதைக் கண்டு என்ன செய்தாய் என்று கேட்டேன். ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டி எடுத்துவிட்டானாம். சைலன்சரின் உட்புறத்தையும் அகற்றிவிட்டானாம். "இப்பதான் மாமா ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இரிக்கி" என்றான்.

அதிகாரிக்கும் இவனுக்கும் தீராப் பகை இருப்பதாகவே ஊர் நினைக்கிறது. அன்று எனக்குத் தோன்றியது வேறு. இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவரும் காரின் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறார்கள், காரைப் பார்ப்பதில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருப்பது, மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள எமது கரையோர ஊர்களின் கராஜ்களில் இன்னமும் உயிரோடிருக்கும் ஒரு கைத்தொழில். இதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஜப்பானியரின் ஸ்போர்ட்ஸ் கார் என்பது என்ன என்று முதலில் விளங்கிக்கொள்வோம். 1967க்கும் 1970க்கும் இடையில் 351 மாத்திரமே தயாரிக்கப்பட்ட டொயோட்டா 2000 ஜீ.டீ. போன்ற அரும்பொருள்களை விட்டுவிடுங்கள். ஜப்பானின் புகழ்பெற்ற வேகக் கார்கள் பல, குடும்பக் காரின் வயிற்றிலிருந்து பிறந்தவை. 1969இல் வந்த முதலாவது ஸ்கைலைன் ஜீ.டீ.ஆர். நான்கு கதவுகள் கொண்ட கார். உலகெங்கும் இளைஞர்கள் மயங்கும் ஏ.ஈ.86, 1983 முதல் 1987 வரை வெளிவந்த கொரோலா குடும்பத்துப் பிள்ளை. அதன் எஞ்சின் 1,587 சிசி மாத்திரமே. காரின் நிறையோ ஏறத்தாழ ஒரு தொன்னுக்குள் அடக்கம். குறைந்த நிறை, பின்சக்கர உந்துகை, ஒழுங்கான சமநிலை. இரகசியம் இவ்வளவுதான்.

எனது லான்சரின் உடன்பிறப்புகள் ஆபிரிக்காவில் செய்ததைக் கேளுங்கள். கென்யாவின் சேற்றிலும் புழுதியிலும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடும் சபாரி ரலியில், 1974இலும் 1976இலும் லான்சரை ஓட்டி வென்றவர் ஜோகிந்தர் சிங். இந்திய வம்சாவளியினரான கென்யர். அதே வம்சாவளியில் உகண்டாவில் பிறந்த சேகர் மேத்தா 1973இல் டட்சன் 240இசட் காரிலும், 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு தடவைகள் டட்சனிலும் வென்றார். அவ்வாறான வீதியில் ஸ்பிரிங்கை வெட்டிய கார் முதல் நாளே படுத்திருக்கும்.

எமது நாட்டில் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பான் கார்கள் வெள்ளமெனப் புகுந்தன. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் நின்ற முற்றங்களில் டட்சன் சன்னியும் கொரோலாவும் லான்சரும் வந்து நின்றன. எமது ஊர்களுக்கு அவற்றைக் கொண்டுவந்ததில் வளைகுடாவில் சிந்திய வியர்வைக்கும் பங்குண்டு. எனது மச்சான் சவூதியில் உழைத்துத் திரும்பி வாங்கிய முதற் சொத்து இந்த லான்சர்தான்.

2004 டிசம்பர் 26 காலையில் வந்த அலை மச்சானைக் கொண்டுபோயிற்று. கார் மூன்று வீடுகளுக்கு அப்பால், இடிந்த மதிலொன்றில் சாய்ந்து கிடந்தது. ராத்தாவின் மகன் அப்போது கைக்குழந்தை. பழைய இரும்புக்காரர் இருவர் வந்து விலை கேட்டார்கள். ராத்தா கொடுக்கவில்லை. நான் சாய்ந்தமருதில் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த முதிய மெக்கானிக் எஞ்சினைப் பார்த்தார். எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தார்.

"கடல் தண்ணி குடிச்ச எஞ்சினக் கழுவிப்போட்டு ஓட ஏலாது தம்பி. முழுசாக் கழட்டணும்."

"எவ்வளவு காலம் செல்லும் காக்கா?"

"காலத்தக் கேக்காதீங்க. சாமான் கிடைக்கணும்."

ஏறத்தாழ மூன்று வருடங்கள் சென்றன. அந்த மூன்று வருடங்களில், புதுப்பித்தல் என்றால் என்னவென்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். எமது உப்புக்காற்றில் துரு வெளியிலிருந்து தொடங்குவதில்லை. கதவின் அடியில், சட்டத்தின் உட்குழிவில், சக்கர வளைவின் மடிப்பில் ஈரமும் உப்பும் தங்கி உள்ளிருந்து தின்னும். வெளியே சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு கடதாசியாகியிருக்கும். அதன்மேல் பட்டி பூசித் தேய்த்து, நிறமடித்துப் பளபளக்க வைத்து விற்பவர் பலர். அடுத்த மாரிக்கு அது பெயர்ந்து விழும். இந்த மனிதரோ உக்கிய பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினார். புதுத் தகட்டைச் சுத்தியலால் தட்டி வளைத்து, ஒட்டி, உட்குழிவுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் செலுத்தினார். அளவு பார்க்கக் கணினி இல்லை. மறுபக்கத்துத் தகட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தே அளவெடுத்தார்.

உதிரிப்பாகங்களுக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் நான் ஏறி இறங்காத கடையில்லை. கிடைக்காதவற்றைக் கடைசல் பட்டறையில் கடைந்தோம். இன்று பெரிய கம்பனிகளே இந்த வேலையில் இறங்கியிருக்கின்றன. நிசான் 2017இல் ஆர்.32 ஜீ.டீ.ஆருக்குப் பழைய பாகங்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கிற்று. டொயோட்டா 2021இல் ஏ.ஈ.86க்கு ஸ்டியரிங் பாகத்தையும் பின் பிரேக் கெலிப்பரையும் மீண்டும் வார்த்தது. அவை பேர்பெற்ற கார்களுக்கு. எமது முற்றத்து லான்சருக்கும் சன்னிக்கும் எவரும் வார்க்கப்போவதில்லை. அவற்றுக்கு எமது பட்டறைகளே கதி.

இனி மாற்றம் செய்வதைப் பற்றி. பழைய காரில் ஓர் ஆணியையும் மாற்றக்கூடாது என்று சொல்லும் தூய்மைவாதி நானல்ல. எனது லான்சரில் பின்னிருக்கைக்கும் பட்டி பூட்டியிருக்கிறேன். விளக்குகளுக்குத் தனி ரிலே போட்டு வயரிங்கை மாற்றினேன். பிளாட்டினம் பொயின்ற்ஸ் இருந்த இடத்தில் இலத்திரனியல் எரியூட்டல் இருக்கிறது. எமது வெயிலுக்கு ஏற்ப ரேடியேட்டர் பெரிது. இவை யாவும் மாற்றங்களே; ஒவ்வொன்றும் காரை முன்னரிலும் பாதுகாப்பாக்கியது.

மருமகன் செய்தது என்ன? ஸ்பிரிங்கை வெட்டினால் சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் சுருங்குகிறது. அதிர்வுதாங்கி தனக்கு விதிக்கப்படாத இடத்தில் நின்று வேலை செய்கிறது. பள்ளத்தில் விழுந்து சக்கரம் முழுதாக இறங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகவும் கூடும். சைலன்சரைக் குடைந்தால் சத்தம் வரும், வேகம் வராது. பெரும்பாலும் குறைந்த சுழற்சியில் இழுவைதான் குறையும். நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீதியில் இரவு பதினொரு மணிக்கு இவன் எழுப்பும் ஓசையைக் கேட்ட ஒருவர், அடுத்த நாள் எனது காரைக் கண்டாலும் முகஞ்சுளிக்கிறார். சட்டத்தை எமது வாசலுக்கு அழைத்துவந்தவர்கள் இவனும் இவனது கூட்டாளிகளும்தான்.

ஆயினும் அழைக்கப்பட்ட சட்டம் கண்ணை மூடிக்கொண்டு வரலாமா? 2025 ஜனவரியில், வாகனங்களிலுள்ள சட்டவிரோத மேலதிகப் பாகங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் நாடு முழுவதும் தொடங்கினார்கள். நோக்கம் நியாயமானது. செவியைப் பிளக்கும் ஹோர்னையும் எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் விளக்கையும் ஆதரித்து ஒரு வரியும் எழுத மாட்டேன். வேகத்தின் விலையையும் நாம் கண்டிருக்கிறோம். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பார்வையாளர்மீது பாய்ந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். ஏற்பாடு செய்யப்பட்ட திடலிலேயே இந்த நிலையென்றால், எமது பிரதான வீதியில் நள்ளிரவில் பந்தயம் ஓடுவோரை மன்னிக்கவே முடியாது.

எனது குற்றச்சாட்டு வேறு. "கம்பனி போட்டதா" என்பது பாதுகாப்பைப் பற்றிய கேள்வியல்ல. கம்பனி போட்ட பிரேக் குழாய் நாற்பது வருடங்களுக்குப் பின் உக்கியிருக்கும். அதை மாற்றியவனே பொறுப்பானவன். எஞ்சினையும் நிறத்தையும் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் திருத்திக்கொள்ள இன்று வழியிருக்கிறது. அதே வழியை விரிவாக்குங்கள். மாற்றங்களைத் தகுதிவாய்ந்த பரிசோதகரிடம் காட்டி, பிரேக், விளக்கு, ஓசை, புகை ஆகியவற்றை அளந்து சான்றிதழ் பெறும் முறையொன்றை மாவட்டந்தோறும் கொண்டுவாருங்கள். இந்தக் கார்களைச் செய்த ஜப்பானே 1995இல், கடுமையான ஆய்வு விதிகளைக் கைவிடாமல், மாற்றங்களுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அளவுகோல் கையிலிருந்தால் அதிகாரிக்கும் வேலை இலகு. அளவுகோல் இல்லாத அதிகாரியின் கண்ணுக்குப் பளபளப்பதெல்லாம் குற்றம்.

பள்ளிவாசல் திண்ணையில் பெரியவர்கள் என்னிடம் கேட்பது இன்னொன்று: "இது வீண்விரயம் இல்லையா?" மரியாதையோடு ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் டொலரின்றி நாடே கடனை நிறுத்தியது. அந்த ஐந்து வருடங்களும் இந்த நாட்டை ஓட்டியவை பழைய வாகனங்களும் அவற்றைப் பழுதுபார்த்த கைகளுமே. ஓடக்கூடியதை உடைத்து இரும்புக்கு விற்றுவிட்டு, அந்நியச் செலாவணியில் புதியதை வாங்குவதா விரயம், இருப்பதைத் திருத்தி ஓட்டுவதா?

விலை ஏறுமென்று காத்திருந்து, காரைப் போர்வைக்குள் அடக்கம் செய்துவைப்பவர்களும் உளர். 25 வருடம் கடந்த கார்களை இறக்குமதி செய்ய அமெரிக்கா அனுமதிப்பதால், ஜப்பானின் பழைய வேகக் கார்களுக்கு உலகச் சந்தையில் விலை எகிறிவிட்டது. அந்தக் கனவு இங்கும் வந்துவிட்டது. ஓடாத காரில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். பெற்றோல் பிசினாகி கார்பரேட்டரை அடைக்கும். அதிகாலையில், வீதி வெறிச்சோடியிருக்கும்போது, ஒலுவில் வரை நிதானமாக ஓட்டிப் பாருங்கள். வயற்காற்று ஒரு ஜன்னலாலும் கடற்காற்று மறு ஜன்னலாலும் நுழையும். ஸ்டியரிங்கின் வழியே வீதி உங்கள் கைக்கு வரும். இந்த இன்பத்துக்கு நூறு மைல் வேகம் வேண்டியதில்லை.

சாய்ந்தமருதின் அந்த மெக்கானிக்குக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில். கராஜில் நிற்கும் பையனுக்குப் பெண் கொடுக்க நாமே யோசிக்கிறோம். பிறகு நல்ல மெக்கானிக் இல்லையென்று நாமே புலம்புகிறோம். வேலையை அனுபவத்தால் கற்றவருக்கும் முறையான தேர்வின்மூலம் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்க இந்நாட்டில் ஏற்பாடு உண்டு. எமது தொழிற்பயிற்சி நிலையங்கள் இத்தகையவர்களைத் தேடிச்சென்று சான்றிதழும் கொடுத்து, மாணவர் முன் நிறுத்திக் கற்பிக்கவும் செய்ய வேண்டும். எமது அரசியல்வாதிகள் திறந்துவைக்கும் வளைவுகளில் ஒன்றின் செலவு இதற்குப் போதும்.

மருமகனிடம் அன்றிரவே சொல்லிவிட்டேன். லான்சர் அவனது வாப்பாவின் கார், ஒருநாள் அவனுக்குத்தான். ஆனால் ஸ்டார்லட்டுக்குச் சரியான ஸ்பிரிங்கும் ஒழுங்கான சைலன்சரும் பூட்டி, அந்த முதியவரிடம் ஆறு மாதம் நின்று தகடு தட்டப் பழகிய பின்னரே சாவி கைமாறும். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போயிருக்கிறான். போகட்டும். அதிகாரிக்கு நான் நிபந்தனை விதிக்க முடியாது; அவருக்கு அளவுகோலைக் கொடுக்க வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்கள் எப்போது கொடுப்பார்கள்?