வாத்தியாருக்குக் கோர்ட்டில் என்ன வேலை?

"இத்தனை வருஷம் சாக்பீஸ் பிடித்துவிட்டு, இந்த வயசில் கறுப்புக் கோட்டா?" ஆசிரியர் வேலையை விட்டுச் சட்டம் படிக்கக் கிளம்புகிறவர் காதில் முதலில் விழுவது இதுதான். குடும்பநல வழக்குகள் நடத்தப் போகிறேன் என்றால் இளக்காரம் இன்னும் கூடும். வாத்தியாருக்கு அறிவுரை சொல்லத்தான் வரும், வாதாட வராது. வகுப்பறை அனுபவம் கோர்ட்டில் செல்லாக்காசு என்பார்கள்.

இந்த நினைப்பை ஊட்டி வளர்த்ததில் சினிமாவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1973இல் வந்த ‘கௌரவம்’ படத்தின் பாரிஸ்டர் ரஜினிகாந்த் என்ற பாத்திரம், வக்கீல் என்றால் இப்படித்தான் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது: கம்பீரக் குரல், எதிராளியை மண்ணைக் கவ்வ வைக்கும் வீறாப்பு. கொலை வழக்குக்கு அது எடுபடலாம்.

குடும்பநல நீதிமன்றத்தின் சங்கதி வேறு. 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயலும்படி நீதிமன்றத்துக்கே கடமை விதிக்கிறது. 13ஆவது பிரிவோ, வக்கீல் வைத்துக்கொள்வதைத் தரப்பினரின் உரிமையாகவே ஏற்கவில்லை. நடைமுறையில் வக்கீல்கள் வரத்தான் செய்கிறார்கள். ஆனால் எந்த மல்லுக்கட்டை வெளியே நிறுத்த அந்தச் சட்டம் பார்த்ததோ, அதையே நாம் தகுதி என்கிறோம்.

அன்றாட வேலையைப் பாருங்கள். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. அழுதுகொண்டே வந்து உட்காரும் தாயிடம் டெர்ம் ஃபீஸ் எவ்வளவு, வேன் கட்டணம் எவ்வளவு, மருந்துச் செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். பெற்றோரிடம் பேசிப் பழகிய ஆசிரியருக்கு இது புதிதல்ல.

குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்கிறது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். "அப்பாகிட்ட போக மாட்டேன்" என்பதைப் பிள்ளை மனசாரச் சொல்கிறதா, சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறதா? வருஷக்கணக்காக மனப்பாடப் பதில் கேட்ட காதுக்கு அந்த வித்தியாசம் பிடிபடும்.

வகுப்பறையில் இருந்து சட்டத்துக்குப் போவது இன்று நேற்று வந்ததும் அல்ல. கார்னிலியா சொராப்ஜி அகமதாபாத் குஜராத் கல்லூரியில் கற்பித்தவர். 1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண். பெண்களுக்கு வக்கீல் தொழில் மூடியிருந்த காலத்தில், 1904 முதல் வங்காளத்தில் சிறார் போன்றோரின் சொத்தைப் பராமரித்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பில் பணியாற்றி, பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்களுக்கும் பெற்றோரை இழந்த சிறாருக்கும் துணைநின்றார். 1923இல் சட்டம் தடையை நீக்கியபோது அவர் ஐம்பதைக் கடந்திருந்தார்.

ஆசிரியர் உதற வேண்டிய பழக்கமும் உண்டு. கட்சிக்காரர் மாணவர் அல்ல. எடுத்த எடுப்பில் "தப்பு உன்மேல்தான்" என்று சொல்லிவிட முடியாது. சீனியரிடம் இருந்து கற்க வேண்டிய பாடம் அது.

உண்மையான முட்டுக்கட்டை பணம். சட்டத்தைத் தபால் வழியில் படித்து வக்கீலாக முடியாது. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு தொழில் செய்யவும் பார் கவுன்சில் விதி விடாது. ஆகவே சம்பளம் நின்றபின் ஜூனியராகத் தொடங்க வேண்டும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கிடைக்க வழிசெய்யும்படி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆசிரியர் வேலையை விட்டவர்மேல் அக்கறை இருப்பவர்கள், அந்தத் தொகை ஒழுங்காகக் கைக்கு வருகிறதா என்று முதலில் விசாரிக்கட்டும்.