மண்புழுப் பெட்டி போட்டிக்கு மட்டுந்தானா?



பள்ளியில் துப்புரவுப் பணி முடிந்த ஒரு சனிக்கிழமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அங்சானா மரத்துச் சருகுகளும் வெட்டிய புல்லும் கறுப்பு நெகிழிப் பைகளில் கட்டப்பட்டு வாயிலருகே வரிசையாகக் கிடக்கும். முன்பெல்லாம் அவற்றைத் திடலோரத்தில் குவித்துக் கொளுத்திவிடுவோம். 1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்திற்குப் பின்னர், திறந்தவெளியில் எரிப்பதற்கு எதிரான சட்டம் நம் நாட்டில் கடுமையாக்கப்பட்டது. 2015இலும் 2019இலும் புகைமூட்டத்தால் பல மாநிலங்களில் பள்ளிகளையே மூட நேர்ந்தது. ஆகவே, இன்று சருகுகளைக் குப்பை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். அவை குப்பை மேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வளி உண்டாகிறது. அதே வாரத்தில், பள்ளித் தோட்டத்திற்கென்று மூட்டை உரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

இதற்கு மண்புழு உரம் நல்ல தீர்வு என்பது நம்மில் பலரும் அறிந்ததே. பள்ளிகள் பலவற்றில் செய்தும் பார்த்திருக்கிறோம். ஆனால், அவற்றுள் எத்தனை நிலைத்தன?

என் குறையையே முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் போட்டி ஒன்றுக்காக மண்புழுப் பெட்டி அமைத்தோம். பெட்டிக்கு வண்ணம் தீட்டினோம். விளக்க அட்டைகள் எழுதினோம். மாணவர்கள் நீதிபதிகள்முன் ஒப்பிக்க வேண்டியதை மனப்பாடம் செய்தார்கள். பரிசும் கிடைத்தது. பின்னர் ஆண்டிறுதி விடுமுறை வந்தது. பெட்டியை யார் கவனிப்பது என்று நாங்கள் எவரும் யோசிக்கவில்லை. பள்ளி திறந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்த மாணவன், "ஐயா, புழுவெல்லாம் எங்கே?" என்று கேட்டான். காய்ந்து இறுகிய சருகைத் தவிர உள்ளே எதுவும் இல்லை. அவனுக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோலின் வழியாகவே அது மூச்சு விடுகிறது. ஈரம் போனால் உயிரும் போகும். இதைப் பாடமாக நடத்திய நானே அதை மறந்திருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று உணர்ந்தேன்.

உண்மையில் இதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. பெரிய திறமையும் தேவையில்லை. நிழலான ஓரிடமும், அடியில் துளையிட்ட, மூடியுள்ள ஒரு பெட்டியும் போதும். வெட்டிய பச்சைப் புல்லை அப்படியே குவித்தால் சூடேறிப் புழுக்கள் மடியும். எனவே, புல்லையும் சருகையும் கலந்து நீர் தெளித்து, இரண்டு மூன்று வாரம் மட்கவிட்ட பிறகே புழுக்களை விட வேண்டும். பிழிந்தெடுத்த துணியின் அளவுக்கு ஈரம் இருந்தால் போதுமானது. இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், புளிப்புப் பழத்தோல் ஆகியவற்றைச் சேர்க்கலாகாது. நம் நாட்டு வெப்பத்திற்கு ஆப்பிரிக்க மண்புழு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களில் கறுத்த, உதிரியான, மண்வாசனை வீசும் உரம் கிடைக்கும்.

"பிள்ளைகள் ஏன் அழுக்கில் கைவைக்க வேண்டும்? அந்த நேரத்தில் ஒரு பயிற்சி கூடுதலாகச் செய்யலாமே!" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. அவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவப் பழக்குவது நம் கடமை. முறையாகப் பேணும் பெட்டியில் துர்நாற்றம் வீசாது. நாற்றம் வந்தால் ஈரமோ தீனியோ மிகுந்துவிட்டது என்று பொருள். அதைக் கண்டறிந்து திருத்துவதே அறிவியல் அல்லவா? உற்றுநோக்கல், அளவிடுதல், காரணம் தேடல் ஆகிய அனைத்தையும் அந்தப் பெட்டி சொல்லித் தருகிறது.

சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட தம் இறுதி நூலை மண்புழுக்களுக்கே ஒதுக்கினார். அதற்கு முன் பல ஆண்டுகள் அவற்றைப் பொறுமையுடன் கவனித்து வந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவின் ஓயாத உழைப்பைக் கண்டு வியந்து பேசுகிறது. நாங்கூழ் என்பது மண்புழுவின் பழந்தமிழ்ப் பெயர். அறிவியல் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒரே பெட்டியருகே சந்திக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

ஆகவே, என் வேண்டுகோள் இதுதான். மண்புழுப் பெட்டியைப் போட்டிக்காக வைக்காதீர்கள். சிறிய பெட்டி ஒன்றை வைத்து, வாரம் இரு மாணவர் என முறைப்பட்டியல் போடுங்கள். விடுமுறையில் அதைக் கவனிக்கும் பொறுப்பைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக, பள்ளிக்கு அருகில் வாழும் ஒரு குடும்பத்திடம் ஒப்படையுங்கள். கிடைக்கும் உரத்தைப் பள்ளித் தோட்டத்து வெண்டைக்கும் கத்தரிக்கும் மாணவர்களே இடட்டும்.

பரிசுக் கிண்ணம் கண்ணாடி அலமாரியில் இருக்கும். ஓர் உயிரைப் பொறுப்போடு பேணிய பழக்கமோ பிள்ளையோடு வீட்டுக்குப் போகும். நமக்கு வேண்டியது எது? சிந்திப்போம், செயல்படுவோம்.