பிரைமவேரா உயர்நிலைப் பயிற்சி: ஊருக்கு ஒரு திறந்த மடல்

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பொறியியல் பட்டதாரிகளுக்கும், அவர்களுக்குப் பயிற்சிக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கும், ஊரில் கணினி மையம் நடத்துவோருக்கும்:

பிரைமவேரா பி6 என்பது கட்டடம், சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்ற பெரிய வேலைகளின் காலக்கணக்கைப் போடும் மென்பொருள். 1983இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரைமவேரா நிறுவனத்தை 2008இல் ஆரக்கிள் வாங்கியது. மென்பொருளுக்குள் ஓடும் கணக்கோ அதைவிடப் பழையது. 1950களின் இறுதியில் டுபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் வகுத்த, திட்ட முடிவைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலியைக் கண்டுபிடிக்கும் ‘கிரிட்டிக்கல் பாத்’ முறை அது. அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்ற ஒத்த முறையை உருவாக்கியது. வளைகுடாவின் பெரிய ஒப்பந்தங்கள் பலவற்றில் வேலையின் காலக்கணக்கை, அதாவது ஷெட்யூலை, இந்த மென்பொருளில்தான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அந்த வேலைக்கு வருகிறவரைத்தான் பிளானிங் இன்ஜினியர் என்கிறார்கள். ஊரிலிருந்து சிவில், மெக்கானிக்கல் படித்துவிட்டு அமீரகத்துக்கும் கத்தாருக்கும் வருவோரில் பலர் இந்தப் பதவியை நோக்கியே வருகிறார்கள்.

அடிப்படைப் பயிற்சியில் வேலைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று இணைத்து, பட்டை வரைபடத்தை அச்செடுப்பதுவரை சொல்லித்தருகிறார்கள். அதற்கு ஒரு வாரம் போதும். உயர்நிலைப் பயிற்சி என்ற பெயரில் பல இடங்களில் நடப்பதும் இதுவே, மேலும் சில மெனுக்களோடு. உண்மையான உயர்நிலைப் பயிற்சி, வேலை தொடங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. ஒரே ஷெட்யூலை மாதாமாதம் புதுப்பித்து, தாமதம் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டக் கற்றுத்தராத வகுப்பை உயர்நிலை என்று அழைக்க முடியாது.

முதலில் வரவேண்டிய பாடம் காலண்டர். மேலோட்டமாகக் கடந்துபோகிற பாடமும் இதுதான். ஒரு சைட்டில் வாரம் ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை கான்கிரீட் போடுகிறார்கள். அதற்குப் பிறகு ஏழு நாள் கியூரிங், அதாவது நீர்விட்டு இறுகவைத்தல். கான்கிரீட்டுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது என்பதால் கியூரிங்குக்கு ஏழு நாள் காலண்டர். கியூரிங் அடுத்த சனியன்று முடிகிறது, ஷட்டரிங் பிரிப்பது திங்களன்று தொடங்குகிறது. கியூரிங் ஒரு நாள் தள்ளிப்போய் ஞாயிறன்று முடிந்தாலும் திங்கள் வேலைக்குப் பாதிப்பில்லை. ஆகவே மென்பொருள் கியூரிங்குக்கு ஒரு நாள் ஃப்ளோட் (திட்ட முடிவைப் பாதிக்காமல் தள்ளிப்போகக்கூடிய நாட்கள்) காட்டும், முன்னும் பின்னும் உள்ள வேலைகளுக்குப் பூஜ்யம் காட்டும். பூஜ்ய ஃப்ளோட் உள்ளவற்றை மட்டும் வடிகட்டினால் சங்கிலி நடுவில் அறுந்ததுபோல் தெரியும். கணக்கில் பிழையில்லை, பார்த்த விதத்தில்தான் பிழை. ‘லாங்கஸ்ட் பாத்’ என்ற தேர்வை வைத்தால், திட்ட முடிவிலிருந்து பின்னோக்கி எந்த வேலை எதை உந்துகிறது என்று மென்பொருள் தேடிக்கொண்டு போகும், சங்கிலி முழுதாக வரும்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ரமலான் மாதத்தில் வேலைநேரம் நாளுக்கு இரண்டு மணி குறையும். இவையெல்லாம் காலண்டரில் ஏறவேண்டும். 2022 ஜனவரியில் அமீரக அரசு வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றி, வெள்ளியை அரைநாள் வேலை நாளாக்கியது. அதையொட்டி விடுமுறையை மாற்றிக்கொண்ட நிறுவனத்தில் யாராவது அவசரத்தில் ‘குளோபல்’ காலண்டரைத் திருத்தினால், அதைப் பயன்படுத்தும் எல்லாத் திட்டங்களின் தேதிகளும் அசையும். திட்டத்துக்கென்று தனிக் காலண்டர் வைத்துக்கொள்ளும் பழக்கம் பயிற்சியிலேயே வந்துவிட வேண்டும்.

அடுத்தது புதுப்பித்தல். ‘டேட்டா டேட்’ என்பது கணக்கு நிற்கும் நாள். அதற்கு முந்தையது நடந்தது, பிந்தையது நடக்கவேண்டியது. நடந்த தேதி ஒன்று டேட்டா டேட்டுக்கு அப்பால் இருந்தால் அந்த ஷெட்யூலை மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. முன்னேற்றத்தை ஏற்றியபின் எஃப்9 விசையை அழுத்தினால் கணக்கு ஓடும். வரிசை மாறி நடந்த வேலைகளை அப்போது எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. பூச்சு முடிந்த பிறகே பெயின்ட் என்று லாஜிக் போட்டிருக்க, சைட்டில் பூச்சு பாதியில் இருக்கும்போதே பெயின்ட் தொடங்கிவிட்டது. ‘ரீடெய்ன்ட் லாஜிக்’ தேர்வில் மீதிப் பெயின்ட் வேலை, பூச்சு முடியும்வரை காத்திருக்கும். ‘புரோகிரஸ் ஓவர்ரைடு’ தேர்வில் காத்திராமல் உடனே தொடரும், பல சமயம் திட்ட முடிவுத் தேதியும் முன்னே வந்து நிற்கும். ஒரே தரவு, ஒரு பொத்தானில் இரண்டு முடிவுத் தேதிகள். மேலாளர் விரும்பும் தேதியை வரவழைக்க இந்தப் பொத்தானை மாற்றும் வழக்கம் உண்டு. நல்ல பயிற்சி இரண்டையும் ஓட்டிக் காட்டி, வித்தியாசம் எந்த வேலையில் பிறந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லும். பெரும்பாலும் விடை, லாஜிக்கையே சைட் நடப்புக்கேற்பத் திருத்தி, திருத்தியதைக் குறித்துவைப்பதுதான்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அதில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதிகள் தானாகவே மாறும். ஆனால் நடக்காமல் கிடக்கும் வேலையைக் கணக்கு நாளுக்குப் பின்னால் தள்ள, தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போன மாதத்தில் நடந்திருக்க வேண்டிய வேலை போன மாதத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

ஷெட்யூலின் தரத்தைச் சோதிக்க அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்த மேலாண்மை முகமையின் 14 அம்சச் சோதனை உலகெங்கும் புழங்குகிறது. முன்னோ பின்னோ இணைப்பில்லாத வேலைகள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 44 வேலை நாளுக்கு மேல் ஃப்ளோட் உள்ளவையும் அப்படியே, நெகட்டிவ் ஃப்ளோட் இருக்கவே கூடாது என்பதுபோலப் போகும். நல்ல கருவி, ஆனால் மதிப்பெண்ணுக்காக ஏமாற்றுவது எளிது. இணைப்பில் இருக்கும் ‘லேக்’ என்ற காத்திருப்பு நாட்களை எடுத்துவிட்டு அதே நாட்களுக்குப் பெயரில்லாத வேலை ஒன்றைச் செருகினால் சோதனை தேறிவிடும், ஷெட்யூல் தேறாது.

அடுத்தது பணக்கணக்குக்கான ‘ஏர்ன்ட் வேல்யூ’ முறை. மொத்த மதிப்பீடு 100 லட்சம் திர்ஹம் என்க. இன்றுவரை 40 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 30 லட்சத்துக்கானது, செலவானதோ 36. காலக் குறியீடு 30ஐ 40ஆல் வகுத்தால் 0.75. செலவுக் குறியீடு 30ஐ 36ஆல் வகுத்தால் 0.83. இதே போக்கில் போனால் முடிவில் செலவு 120 லட்சத்தில் நிற்கும். காலக் குறியீட்டில் ஒரு பொல்லாத்தனம் உண்டு: வேலை எவ்வளவு தாமதமாக முடிந்தாலும், முடியும் நாளில் அது 1 ஆகிவிடும். ஆகவே திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இந்த எண்ணை நம்பி அறிக்கை எழுதக் கூடாது.

இத்தனையும் போய்ச் சேருமிடம் தாமதக் கோரிக்கை. வளைகுடாவில் பரவலாகப் புழங்கும் ஃபிடிக் அமைப்பின் 1999 சிவப்புப் புத்தகம் என்ற ஒப்பந்த மாதிரியின்படி, வேலை தொடக்க அறிவிப்பு கிடைத்த 28 நாளுக்குள் ஒப்பந்ததாரர் ஷெட்யூலைக் கொடுக்க வேண்டும். கூடுதல் காலமோ பணமோ கேட்பதானால், காரணம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய 28 நாளுக்குள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். தவறினால் கேட்கும் உரிமையே போய்விடும். கோரிக்கையை நிறுவும் வழிகளில் ஒன்று ‘டைம் இம்பாக்ட் அனாலிசிஸ்’. தடங்கல் வருவதற்குச் சற்று முன்னர்ப் புதுப்பித்த ஷெட்யூலை எடுத்து, வரைபட ஒப்புதல் தாமதம் போன்ற அந்தத் தடங்கலைச் சில வேலைகளாகச் செருகி, முடிவுத் தேதி எத்தனை நாள் நகர்கிறது என்று பார்ப்பது. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002இல் வெளியிட்டு 2017இல் திருத்திய தாமத நெறிமுறை இதை விரிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஃப்ளோட் எந்தத் தரப்புக்கும் தனிச்சொத்தல்ல என்பதும் அதன் நிலைப்பாடு. மாதாந்திரப் புதுப்பித்தல் ஒழுங்காக இல்லாத இடத்தில் இந்த ஆய்வுக்கு அடித்தளமே இருக்காது.

கட்டணம் கட்டுமுன் பயிற்சி மையத்தில் கேட்க வேண்டியவை சிலவே. குறைந்தது 300 வேலைகள் கொண்ட ஒரே ஷெட்யூலை மாணவர் எத்தனை முறை புதுப்பிப்பார்? தாமதம் ஒன்றைச் செருகி எழுத்து அறிக்கை தயாரிப்பாரா? பிறர் செய்த எக்ஸ்இஆர் கோப்பைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்வார்களா? பிரைமவேரா திட்டத்தை ஏற்றி அனுப்பும் எக்ஸ்இஆர் சாதாரண எழுத்துக் கோப்பு. எக்செலில் திறந்து, இரண்டு மாதக் கோப்புகளை ஒப்பிட்டு, சொல்லாமல் மாற்றிய லாஜிக்கைப் பிடிக்கலாம். ஒப்பிடுவதற்கென்று முதலில் ஒப்புக்கொண்ட ஷெட்யூலான பேஸ்லைன் அதோடு கூடவே வராது, தனித் திட்டமாக ஏற்றி அனுப்ப வேண்டும். பாடம் நடத்துகிறவர் சைட் ஷெட்யூலைக் கையாண்டவரா என்பது இந்தக் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஊரைவிட்டு வந்த பிளானிங் இன்ஜினியர் ஒருவர்
துபாய்