படுத்துக்கொண்டு வரும் விருந்தாளியும் எட்டடிக் காம்பராவும்



பங்களாவில் வேலை செய்யும் நம் பிள்ளை ஒருவர் போன மாதம் ஒரு விமானப் புத்தகத்தை லயத்துக்குக் கொண்டுவந்தார். விருந்தாளி அறையில் விட்டுப் போனதாம். பளபளப்பான தாளில் படங்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் ஆசனம் கட்டிலாகிறது. வெள்ளை மெத்தை, தலையணை, காலுக்கு ஒரு போர்வை. லண்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் ஒருவர் படுத்துக்கொண்டே வரலாம்.

பிள்ளைகள் அந்தக் கட்டிலின் அளவைச் சோக்குக் கட்டியால் தரையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். நீளம் ஆறரை அடி. எங்கள் காம்பராவில் அடுப்புக்கும் சாக்கு மூட்டைக்கும் இடம் விட்ட பிறகு அந்தக் கோட்டை நேராகப் போட முடியவில்லை. ஆறு பேர் படுக்கிற வீட்டில் ஒருவர் காலை நீட்ட வேண்டுமென்றால் இன்னொருவர் இஸ்தோப்புக்குப் போக வேண்டும். இது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு எங்களைச் சும்மா இருக்கவிடவில்லை.

"அவன் காசு, அவன் படுக்கிறான், நமக்கென்ன?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். சரி, கணக்குப் பார்ப்போம்.

அந்த வகுப்பில் போய்வர ஒரு டிக்கெட் எட்டு லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2024 இல் நம் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தச் சம்பளத்தில் எட்டு லட்சத்துக்கு 593 பேர் போட வேண்டியிருந்தது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் கிட்டத்தட்ட இரண்டு வருடம். சாப்பிடாமல், கடைக் கடன் கட்டாமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல். மழையில் கிலோ குறைந்து அரைப்பேர் விழுகிற நாட்களைச் சேர்க்கவே இல்லை.

இன்னொரு கணக்கு. அந்தக் கட்டிலில் சாய்ந்தவருக்கு பீங்கான் கோப்பையில் சிலோன் தேநீர் வருகிறது. நாம் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால், நாலரை கிலோவுக்கு ஒரு கிலோ தூள் என்று பார்த்தாலும் 4 கிலோ தேயிலைத்தூள். கோப்பைக்கு 2 கிராம் போட்டால் 2,000 கோப்பை. அந்த 1,350 ரூபாயை 2,000 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கோப்பைக்கு கொழுந்து எடுத்தவளுக்கு 70 சதம்கூட இருக்கவில்லை. இப்போது சதக் காசை யார் கையிலும் காண முடியாது!

பயணி நமக்கு எதிரி அல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கொழுந்து மடுவத்தில் வந்து நின்று, கூடையைத் தூக்கிப் பார்த்து, கண் கலங்கிப் போனவர்களும் உண்டு. நம் சண்டை அவர்களுடைய மெத்தையோடு அல்ல. அவர்கள் வருகிறார்கள் என்பதைக் காட்டி நம் தலையில் மிளகாய் அரைக்கிறவர்களோடுதான்.

2024 இல் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் என்ன செய்தன? "எங்களால் தாங்க முடியாது" என்று நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை 1,350 இல் நிறுத்தியது. அதே மலையில் பழைய துரை பங்களாக்களுக்கு வெள்ளையடித்து, சுடுதண்ணீர்த் தொட்டி வைத்து, ஓர் இரவுக்கு நம் மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். இந்தக் காணி யாருடையது? அரசுடையது. 1992 இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் ஒப்படைத்து, பிறகு 53 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். தேயிலைக்கென்று கொடுத்த காணியில் ஹோட்டல் வருமானம் வரும்போது, அந்த வருமானம் மட்டும் சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு ஏன் வருவதில்லை?

பங்களா வாசல்வரை தார் ரோடு. அங்கிருந்து லயத்துக்கு இன்னும் கல்லு ரோடு. வலி வந்த பிள்ளைத்தாச்சியைத் தார் ரோடு தொடங்கும் இடம்வரை தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது.

ஆகாய ஆசனங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கதையும் ஞாபகம் வருகிறது. 2007 டிசம்பரில் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் பரிவாரம் லண்டனிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. காசு கட்டிய 35 பயணிகளை இறக்கிவிட்டு இடம் கொடுக்க ஸ்ரீலங்கன் நிறுவனம் மறுத்தது. அதன் பிரதம நிறைவேற்று அதிகாரியாக இருந்த பீட்டர் ஹில்லின் வேலை விசா பறிபோனது. 2008 இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு வெளியேறியது. அதன்பின் அந்தக் கம்பனி குவித்த நட்டத்தைத் திறைசேரிதான் சுமக்கிறது. திறைசேரிக்கு நாம் ஒன்றும் கொடுப்பதில்லையா? 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். நாம் போடும் போன் ரீலோடிலும் அது இருக்கிறது. ஒருநாளும் ஏறாத விமானத்துக்கு நாமும் காசு கட்டுகிறோம்.

ஒருநாளும் கடல் தாண்டாத சனம் அல்ல நாம். நம் பாட்டன் பூட்டன் இராமேஸ்வரக் கரையிலிருந்து வள்ளத்தில் மன்னாருக்கு வந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. இன்றைக்கு நம் பெண்கள் குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்குப் பறக்கிறார்கள், விமானத்தின் பின்பக்கத்தில், முழங்கால் முன் ஆசனத்தில் இடிக்க. நம் வீடுகளிலிருந்து விடுமுறைக்காகக் கடல் தாண்டியவர் யார்? எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் தலைவிமாரும் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் தோட்டத்தில் விருந்தாளிக்கு விட்ட பங்களா எத்தனை, அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளச் சிட்டை கொடுக்கிறார்களா, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா, பங்களா ரோடும் லயத்து ரோடும் எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுங்கள். பங்களாவில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். அவர்களுடைய வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. தாள் மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்கு வர வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறோம்.