சாப்பாட்டு மேஜைப் பள்ளிக்கூடம்

புனேயின் விமான் நகரில் பாடம் நடத்துவதில் ஒரு சௌகரியம் உண்டு. வாத்தியாருக்குப் பதில் தெரியாமல் போகும் நேரம் பார்த்து, லோஹகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு சுகோய் கிளம்பும். ஜன்னல் கண்ணாடி அதிரும். அரை நிமிஷம் யாரும் பேச முடியாது. அதற்குள் வாத்தியார் எதையாவது யோசித்துச் சமாளித்துவிடலாம்.

ஒன்றரை வருஷமாக, சனிக்கிழமை காலைகளில், அந்த வாத்தியார் நான்தான். மாணவர்கள் மூன்று பேர். மூவரும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். போக வசதியில்லாமல் அல்ல. பெற்றோர் நிறையப் படித்து, விவாதித்து, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று முடிவெடுத்ததால். இரண்டு குடும்பங்கள் முழுத் தமிழ். மூன்றாவதில் அம்மா மதுரை, அப்பா நாசிக். எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் என்பதால் கணக்கையும் விஞ்ஞானத்தையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், பூகோளம் மூன்றும் என் தலையில் விழுந்தன. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு மொழிபெயர்த்துப் பிழைக்கும் ஆசாமிக்குச் சனிக்கிழமையில் வேறென்ன வேலை இருக்கப்போகிறது?

எழுத்துக்கூட்டலில்தான் முதல் பாடம் கிடைத்தது, எனக்கு. ஒன்பது வயதுப் பெண் 'பளம்' என்று எழுதினாள். அடித்துத் திருத்தப் போனேன். "மராத்தியில் அப்படித்தானே?" என்றாள். உண்மைதான். மராத்தியில் பழத்துக்கு 'பள்', வாழைப்பழம் 'கேளே'. நாம் திலகர் என்று எழுதுகிறவரை அவருடைய ஊர்க்காரர்கள் 'ள' போட்டுத்தான் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுக் குழந்தைகளே திணறுகிற ல-ள வித்தியாசமும் ன-ண வித்தியாசமும் புனேயில் வளரும் குழந்தைக்குக் காதிலேயே இருக்கின்றன. இல்லாதது 'ழ' ஒன்றுதான். மதுரை அம்மாவும் வீட்டில் 'பளம்' என்றே சொல்வதால் அது வந்து சேர வழியும் இல்லை. பிழை என்று நான் நினைத்தது, காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதியதன் விளைவு. இருபது வருஷத்துக்கு முன்னால் என்றால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன்.

இரண்டாவது பாடம் அவ்வளவு இனிமையானதல்ல.

மூவரில் ஒரு பையனுக்குப் பதினோரு வயது. சனிக் கிரகத்தின் துணைக்கோள்களைப் பெயர் சொல்லி அடுக்குவான். கருந்துளை பற்றிப் பத்து நிமிஷம் பேசுவான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. தமிழ் மட்டுமல்ல, இங்கிலீஷும்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வாரம் ஆயிற்று. அம்மா படித்துக் காட்டியதை ஒரு தரம் கேட்டால் போதும், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டி, ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பான். யாரும் அவனுக்குப் படித்துக் காட்டாத ஒரு பக்கத்தை நான் தற்செயலாக நீட்டிய அன்று, தண்ணீர் வேண்டும் என்றான். பிறகு பாத்ரூம் போக வேண்டும் என்றான். பிறகு அழுதான்.

தகப்பனாரிடம் சொன்னேன். "வாசிப்பு தானாக வரும், கட்டாயப்படுத்தக் கூடாது" என்றார். அதற்கு ஆதாரமாக மூன்று புத்தகங்களின் பெயரைச் சொன்னார். தாயார் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியாது. பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமப்புறங்களில் எடுத்துவரும் 'அசர்' கணக்கெடுப்பு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பித்தே காலம் தள்ளும் பிள்ளைகளை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு புது வாத்தியாராவது வருவார். அவர்களில் யாராவது ஒருவர் தற்செயலாக ஒரு புதுப் பக்கத்தை நீட்டக்கூடும். வீட்டில் அந்தத் தற்செயல் நடக்க வழியில்லை.

சட்டமும் இதில் உதவாது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் அவர்களுக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. வீட்டுக் கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. பதினான்கு வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். அதுவரை அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்க யாரும் இல்லை.

வீட்டுக் கல்வியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மும்பையின் மாளவிகா ஜோஷியைச் சொல்வார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கம்ப்யூட்டர் ஒலிம்பியாட் போட்டிகளில் மூன்று பதக்கங்கள் வாங்கினார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் நுழைய முடியவில்லை. சென்னைக் கணிதவியல் கழகம் சேர்த்துக்கொண்டது. 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. அபாரமான பெண். ஆனால் பதக்கம் வாங்கியவர்களின் கதை தானாக வெளியே வந்துவிடும். புதுப் பக்கத்தைப் பார்த்து அழும் பையனின் கதை அந்த வீட்டுச் சுவரைத் தாண்டாது.

வீட்டுப் பாடத்துக்குப் புனே புது ஊரல்ல. 1848-ல் இங்கே பெண்களுக்குப் பள்ளி திறந்த சாவித்திரிபாய் புலே, எழுத்துக் கற்றது கணவர் ஜோதிராவிடம். ஆனால் ஜோதிராவ் அதோடு விடவில்லை. மனைவியை முறையான ஆசிரியப் பயிற்சிக்கும் அனுப்பினார்.

எங்கள் குடியிருப்பிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம் போனால், நகர் ரோடில் ஆகா கான் அரண்மனை. 1942 ஆகஸ்டில் காந்தியை இங்கேதான் சிறைவைத்தார்கள். கஸ்தூரிபாவும் உடன் இருந்தார். எழுபது வயதைக் கடந்திருந்த மனைவிக்குக் காந்தி இந்த அரண்மனையில் பாடம் நடத்தினார். என்ன பாடம்? குஜராத்தி வாசிப்பு, எழுத்து, பூகோளம். என் சனிக்கிழமை அட்டவணையேதான்.

கூடவே இருந்த டாக்டர் சுசீலா நய்யார் இதை எழுதிவைத்திருக்கிறார். ஓர் ஆரஞ்சுப் பழத்தை உலக உருண்டையாக்கி, அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் விளக்குவாராம் காந்தி. பா கவனமாகக் கேட்பார். மறுநாள் கேட்டால் லாகூர் கல்கத்தாவின் தலைநகரம் ஆகிவிடும். இதில் சிரிக்கலாம். அடுத்த சம்பவத்தில் சிரிக்க முடியாது. எல்லோரையும் போலத் தனக்கும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும் என்று பா கேட்டார். முதலில் உதிரித் தாள்களில் எழுதிப் பழகு, கையெழுத்து திருந்தட்டும், பிறகு நோட்டு என்றார் காந்தி. பாவுக்கு மனசு புண்பட்டுவிட்டது. பின்னால் நோட்டைக் கொடுத்தபோது அவர் அதில் எழுதவில்லை. 1944 பிப்ரவரி 22-ல் அந்த அரண்மனையிலேயே காலமானார்.

பிள்ளைகள் விஷயத்திலும் காந்தி இப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் மகன்களை வழக்கமான பள்ளிக்கூடத்தில் போடாமல் தானே கற்பிக்க நினைத்தார். நேரம் கிடைக்கவில்லை. போதுமான படிப்பைத் தரமுடியவில்லை என்பதையும், மகன்களுக்கு அந்தக் குறை இருந்ததையும் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். மூத்தவர் ஹரிலால், கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு, 1911-ல் தகப்பனாரை விட்டுப் பிரிந்து அகமதாபாத் வந்து ஹைஸ்கூலில் சேர்ந்தார். தகப்பனின் கொள்கைக்கு மகன் கொடுத்த விலை அது.

அதே மனிதர், ஏறக்குறைய அதே காலத்தில், ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் இன்னொரு வகுப்பும் எடுத்தார். அங்கிருந்த தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. விமான் நகர்க் குழந்தைகளைப் போலவேதான். கப்பலிலும் சிறையிலும் போப் துரையின் கையேட்டை வைத்துத் தான் கற்ற அரைகுறைத் தமிழைக்கொண்டு, காந்தி அவர்களுக்கு எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். பேச்சுத் தமிழில் குழந்தைகள்தான் கெட்டிக்காரர்கள். இங்கிலீஷ் தெரியாத தமிழர்கள் வந்தால் மாணவர்களே அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். தன் அறியாமையை அவர்களிடம் மறைக்கவே இல்லை, அதனால் வகுப்பு சந்தோஷமாக நடந்தது என்று எழுதுகிறார். ஊரார் பிள்ளைகளிடம் காட்டிய அந்த அடக்கத்தை வீட்டுக்குள் காட்டுவது அவருக்கே கஷ்டமாக இருந்திருக்கிறது. நாமெல்லாம் எம்மாத்திரம்?

பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிற பெற்றோரிடம் எனக்கு விரோதம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்பேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, உங்கள் குடும்பத்தைச் சேராத, உங்கள் கொள்கையில் நம்பிக்கை இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, குழந்தையிடம் ஒரு புதுப் பக்கத்தை நீட்டச் சொல்லுங்கள். தானாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைதான் நீங்கள் சொல்வதைச் சரிபார்க்க முடியும். தேவைப்பட்டால் நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்லவும் முடியும்.

அந்தப் பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. தாயார் ஒருநாள் தனியாக வந்து, வாரத்துக்கு நாலு நாள் வரட்டும் என்றார். வாசிப்பைப் பூகோளத்தில் ஆரம்பித்தோம், வரைபடத்தில் பெயர்களை அவன் வாய் ஒப்பிக்க முடியாது என்பதால். புனேயில் முளாவும் முட்டாவும் சேர்ந்து முளா-முட்டா ஆகிறது. அது பீமாவில் விழுகிறது. பீமா ராய்ச்சூர்ப் பக்கம் கிருஷ்ணாவில் விழுகிறது. 1983-ல் போட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி, மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் விட்டுக்கொடுத்த பங்கிலிருந்து ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் சென்னைக்கு வர வேண்டும். 1996-ல் பூண்டிக்கு முதல் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு ஊராக எழுத்துக்கூட்டிப் பூண்டி வரை வந்து சேர அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று. வந்ததும் தலையைத் தூக்கி, "அப்போ நம்ம ஊர் மழையா சென்னைப் பாட்டி வீட்டுக்குப் போகுது?" என்றான்.

அன்று அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். நாற்பது பக்கம், கோடு போட்டது. கையெழுத்து திருந்தட்டும் என்று சொல்லவில்லை. போன சனிக்கிழமை அதில் முதல் வரி எழுதிக் காட்டினான். "எங்க ஊர் தண்ணி பாட்டி வீட்டுக் குளாயில் வருகிறது."

"சரியா இருக்கா?" என்றான். சுகோய் கிளம்பியது. ஜன்னல் அதிர்ந்தது. ஓய்ந்த பிறகு, சரியாக இருக்கிறது என்றேன். 'ழ'வை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.