மண்ணும் மனையும்

சென்ற ஆண்டு சோளகம் வீசத் தொடங்கிய காலத்தில், கிளிநொச்சிக்குக் கிழக்கேயுள்ள சிற்றூரொன்றுக்கு, என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் தாயாரைக் காணச் சென்றிருந்தேன். வளவினுள் இரண்டு கட்டடங்கள் நின்றன. ஒன்று சீமெந்துக் கல்லால் எழுந்தது. யன்னல் மட்டத்துக்குமேல் சில வரிகள் சென்று அப்படியே நின்றுவிட்டது. கூரையில்லை, சுவரிடுக்கிலே ஆலங்கன்றொன்று முளைத்திருந்தது. மற்றது மண்குந்தும் கிடுகுக் கூரையும் உடைய கொட்டில். நண்பகல் வெயிலில் நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மையார், "இருங்கோ சேர், வீடு இன்னும் முடியேல்லை, கொட்டிலுக்கைதான் இருத்த வேண்டிக் கிடக்கு" என்று நாணத்தோடு கூறினார்.

உள்ளே அமர்ந்தபோது உடல் குளிர்ந்தது. வெளியே வந்து அரைகுறையாக நின்ற சுவரைத் தொட்டபோது கை சுட்டது. அன்று தொடக்கம் ஒரு வினா என்னை விட்டகலவில்லை. சுடுகின்ற அச்சுவரை வீடென்றும், குளிர்ந்த அக்கொட்டிலை வீடில்லாமை என்றும் நமக்குக் கற்பித்தவர் யார்?

அவ்வம்மையாரின் கதை அவருக்கு மட்டும் உரியதன்று. வீடமைப்புத் திட்டமொன்றின்கீழ்த் தவணை முறையில் பணம் தருவதாகச் சொல்லப்பட்டது. முதற்றவணை வந்ததும் பழைய குடிசையைப் பிரித்து அத்திவாரம் போட்டார். 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஆட்சி மாறியது. அடுத்த தவணை வரவில்லை. கடன் வாங்கிச் சுவரை உயர்த்தினார். 2022ஆம் ஆண்டு நாடு பொருளாதாரக் குழியில் வீழ்ந்தபோது சீமெந்தின் விலை சில மாதங்களுள் இருமடங்குக்கு மேலாயிற்று. வேலை நின்றது, கடன் நிற்கவில்லை. மகளின் காப்புச் சோடி இன்னும் அடகிலேயே இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் இவ்வாறு கூரை காணாது நின்ற சுவர்கள் பல.

போருக்குப் பின்னர் நடந்த வீடமைப்பின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். 2012ஆம் ஆண்டு தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்குக் கிழக்குக் குடும்பமொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. மக்களே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் முறை அது, அவ்வகையில் பாராட்டத்தக்கது. ஆனால் ஏறத்தாழ 550 சதுர அடி வீட்டுக்கு அத்தொகை பலருக்குப் போதவில்லை. சீமெந்து, கம்பி, மணல், கூலி யாவும் ஏற, எஞ்சியதைக் கடனே நிரப்பியது.

அதன்பின், 2015, 2016ஆம் ஆண்டுகளில், 65,000 உருக்கு வீடுகளைப் பன்னாட்டு நிறுவனமொன்றைக் கொண்டு அமைக்கும் யோசனை வந்தது. வீடொன்றுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா எனப்பட்டது. மாதிரி வீடுகளும் யாழ்ப்பாணத்தில் எழுந்தன. கட்டடக்கலை அறிந்தோரும் மக்கட் பிரதிநிதிகளும் அதனை எதிர்த்தனர். அதன் பாதி விலைக்கே கல்வீடு கட்டலாம். உருக்கு எங்கள் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஒவ்வாது. பிள்ளைக்குத் திருமணமானால் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டவும் வழியில்லை. ஊரிலுள்ள மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையில்லை. இவையே அவர்களது வாதங்கள். அப்பெருந்திட்டம் அவ்வுருவில் நிறைவேறவில்லை. நான் அப்போது மகிழ்ந்தவர்களுள் ஒருவன்.

ஆயினும் இன்று நினைக்கும்போது, அவ்வாதத்தை நாம் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டோம் என்று தோன்றுகிறது. உருக்கா, கல்லா என்று கேட்டோமேயன்றி, அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோமில்லை.

சீமெந்து பிறக்கும் வழியைப் பாருங்கள். சுண்ணக்கல்லைக் களியோடு சேர்த்துச் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்திற் சுடுகிறார்கள். சூளைக்கு எரிக்கும் எரிபொருளிலிருந்து மட்டுமன்று, சுடப்படும் கல்லிலிருந்தே பெருமளவு கரியமில வாயு வெளியேறுகிறது. உலகெங்கும் மனிதர் வெளியிடும் அவ்வாயுவில் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பங்கு சீமெந்தினால் விளைவது என்பர். இதனைத் தூரத்து விவகாரமாக நாம் தள்ளிவிட முடியாது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டு தொடங்கி 1990ஆம் ஆண்டு போரினால் மூடப்படும்வரை இயங்கியது. அதற்குக் கல் கொடுத்தது குடாநாட்டின் அடித்தளமே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்கு அச்சுண்ணக்கல்லின் உட்புழைகளே நீர்த்தொட்டி. கல்லைத் தோண்டுபவன் கிணற்றைத் தோண்டுகிறான் என்றே சொல்ல வேண்டும். மணலின் கதையும் இதுவே. வன்னி ஆற்றுப் படுகைகளிலும் வடமராட்சி மணற்றிட்டிகளிலும் அள்ளிய மணலே டிப்பரில் ஏறி நமது சுவராகிறது. ஆற்றங்கரை இடிகிறது, கடலோரம் தன் அரணை இழக்கிறது.

இதற்கு மாற்று உண்டா எனின், உண்டு, புதியதுமன்று. 1956ஆம் ஆண்டளவில் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் இரமீரெசு என்னும் பொறியியலாளர் கையால் இயக்கும் அழுத்து பொறியொன்றை ஆக்கினார். பொருத்தமான செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை சீமெந்து கலந்து, சிறிது நீர் தெளித்து அப்பொறியில் அழுத்தினால் இறுகிய கல் கிடைக்கும். சூளை வேண்டா, விறகு வேண்டா, சில வாரம் ஈரம் காயாமற் காத்தால் போதும். களி மிகுந்த மண்ணானால் வெடிக்கும். அதற்கு மணல் சேர்க்க வேண்டும். ஆகவே மண்ணைப் பரீட்சித்தே தொடங்கல் வேண்டும். நமது நாட்டிலும் இது பற்றிய ஆய்வுகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளன. 2009ஆம் ஆண்டிலேயே இக்கல்லுக்கு இலங்கைத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டது. போருக்குப் பிந்திய வீடமைப்பில் தொண்டு நிறுவனங்கள் சில வடக்கிலும் கிழக்கிலும் இக்கல்லைக் கொண்டு வீடுகளும் கட்டின. அறிவும் உண்டு, அளவுகோலும் உண்டு. பரவலாகாமைக்குக் காரணம் வேறு.

அக்காரணத்தை எனக்கு விளக்கியவர் ஒரு முதிய மேசன். "மாஸ்டர், நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் நீங்கள் சீமெந்து வீட்டிலை இருந்துகொண்டு எங்களை மண் வீட்டிலை இருக்கச் சொல்லுறியள்" என்றார் அவர். எனக்கு மறுமொழி வரவில்லை. கல்வீடு என்பது எங்கள் சமூகத்தில் வெறுஞ் சுவரன்று, மதிப்பு. மண்சுவருக்குள் தலைமுறை தலைமுறையாக இருத்தப்பட்டவன் முதன்முறையாகக் கல்வீடு கேட்கும்போது, இயற்கையின் பெயரால் அவனைத் தடுப்பது அறமன்று. 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கண்டவர்கள் பச்சை மண்சுவரை நம்பத் தயங்குவதும் நியாயமே. உயர்ந்த கருங்கல் அத்திவாரமும் அகன்ற தாவாரமும் உடைய அழுத்துகல் வீடு வேறு, பழைய மண்சுவர் வேறு என்பதை வாயால் விளக்கிப் பயனில்லை. கட்டிக் காட்டல் வேண்டும்.

கேரளத்தில் இதனைச் செய்து காட்டியவர் லோறி பேக்கர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்து, திருவனந்தபுரத்திலே வாழ்ந்து, 2007ஆம் ஆண்டு மறைந்த அப்பெரியார் ஏழைக்கு ஒரு முறையும் செல்வனுக்கு வேறு முறையும் வகுத்தாரல்லர். செங்கல்லை விளிம்பில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையினால் ஏறக்குறைய காற்பங்கு கல்லை மிச்சப்படுத்தினார். அவ்வெற்றிடமே வெப்பத்தையும் தடுத்தது. அம்முறைகளையே அறிஞர் கூடும் அபிவிருத்தி ஆய்வு நிலையத்துக்கும் கையாண்டார். பேராசிரியர் இருக்கும் கட்டடம் பூச்சில்லாச் செங்கல்லாய் நின்றபோது, அது வறுமையின் அடையாளம் என்று யார் கூற முடியும்?

நமக்கும் வழி அதுவே. முதலாவதாக, அழுத்துகல் கட்டடம் பாடசாலை, நூலகம், பிரதேச சபை ஆகியவற்றிலிருந்து தொடங்கட்டும், ஏழையின் வளவிலிருந்தன்று. இரண்டாவதாக, வீட்டுத் தவணைப் பணம் வழங்கும் அலுவலர்கள், தர நிர்ணயத்துக்கு அமைந்த எக்கல்லையும் ஏற்கும் விதி தெளிவாக எழுதப்படட்டும். ஊருக்கு ஒரு பொறியும் மண்ணைப் பரீட்சிக்கும் வசதியும் கிடைக்கட்டும். மூன்றாவதாக, நமது தொழில்நுட்பக் கல்லூரிகளில் மேசன் வேலை கற்கும் இளைஞருக்கு இம்முறை பாடமாகட்டும்.

இவற்றோடு, பொறி எதுவும் வேண்டாத ஓர் அறிவும் நம்மிடம் உண்டு. சோளகமும் வாடையும் நுழைந்து வெளியேற வாசலும் யன்னலும் எதிரெதிரே வைத்தல், சுவரை மழை நனைக்காதவாறு தாவாரம் இறக்குதல், நாற்சார் வீட்டு முற்றத்தால் வெப்பத்தை மேலே போக விடுதல், கூரை நீரைப் பீலி வழியே சேர்த்தல் ஆகியன நம் பாட்டன்மார் அறிந்தவை. அரசாங்க வரைபடத்தில் இவற்றுக்கு இடமளிக்கப் பெருஞ் செலவு இல்லை.

இம்முறையால் எல்லாக் கடனும் தீரும் என்று நான் கூறவில்லை. மண்ணைத் தேர்வதற்கும் கல்லைக் காய்ச்சுவதற்கும் பொறுமை வேண்டும்; ஆண்டு முடிவுக்குள் கணக்குக் காட்ட விரையும் திட்டங்களுக்கு அப்பொறுமை இல்லை. ஆனால் சுவரின் பெரும்பகுதி சொந்த வளவின் மண்ணாக இருந்திருந்தால், கொழும்புத் துறைமுகத்தில் விலை ஏறிய நாளில் அந்த அம்மையாரின் வீடு இவ்வளவு எளிதில் நின்றிராது.

விடைபெறும்போது அவர் மீண்டும், "அடுத்தமுறை வரேக்கை வீட்டுக்கை இருக்கலாம் சேர்" என்றார். அவர் நாணுவதற்கு ஒன்றுமில்லை. திட்டம் வகுத்தோரும், படித்தும் வாய்திறவாத என்னைப் போன்றோருமே நாண வேண்டியவர்கள்.